பத்தாவது பெயர்

மூன்று வருடமாக எனக்கு முதுகுவலி. வலி நிஜம். அதைச் சொன்னால் தோட்டத்தில் சிரிக்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகை மாற்ற வழியில்லை என்பதால் வைத்தியரை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் தோட்டத்து மருந்துக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்சர் காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே போத்தலிலிருந்து ஊற்றுபவர். எனக்கும் ஊற்றினார். தங்கா பத்து என்ற ஊரின் மலாய் வைத்தியர் எலுமிச்சம்பழத்தை முதுகில் உருட்டிவிட்டு, தினம் காலையில் நடக்கச் சொன்னார். நான் தினம் காலையில் முந்நூறு ரப்பர் மரத்தைச் சுற்றி வருகிறவன். அலோர் காஜா சீன வைத்தியர் கறுப்பாக ஒரு பற்றுப் போட்டார். பற்றும் முதுகை விடவில்லை, வலியும் விடவில்லை. நல்ல டாக்டர் என்றால் என் அகராதியில் ஒருவர்தான்: இவனுக்குப் பத்து நாள் ஓய்வு கொடு என்று துரைக்குச் சீட்டு எழுதுகிறவர்.

அப்படி ஒருவர் வரப்போவதாகச் செய்தி வந்தது. மாதம் ஒருமுறை தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும் யாழ்ப்பாணத்து டாக்டர். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பாராம். ஆனால் ஒரு நடைக்குப் பத்துப் பேர்தான். முதல் நாளே டிரஸ்சரிடம் பெயர் கொடுக்க வேண்டும். மருந்துக்கூடமோ மேட்டில் இருந்தது. என் முதுகு மேடு ஏறாது. மனைவி முனியாயியை அனுப்பினேன். ரப்பர் பால் வாளியை இறக்கி வைத்த கையோடு போனாள். கடைசி இடம் கிடைத்துவிட்டது என்று வந்து சொன்னாள். அவளைப் பாராட்டினேன். கல்யாணமான எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மறுநாள் டாக்டர் வந்தார். முனியாயியின் தோளில் தொங்கியபடி மேடு ஏறினேன்; அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பெஞ்சில் பாதி ஆளாக மடிந்து உட்கார்ந்து, முனகலை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பேர் போய் வந்தார்கள்.

"முனியாயி" என்று கூப்பிட்டார் டிரஸ்சர்.

அவள் எழுந்தாள்.

"நீ எங்க போற?" என்றேன்.

"எம் பேரத்தானே கூப்புட்டாங்க."

"தம்புசாமிங்கற எம் பேரு என்னாச்சு?"

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். "டிரஸ்சரய்யா பேரு கேட்டாரு. புருசன் பேர நான் எப்படிங்க வாயால சொல்றது? எம் பேருதான் கூசாம வந்துச்சு."

சுற்றி நின்ற பெண்கள் அவள் அடக்கத்தை மெச்சினார்கள். டிரஸ்சர் கூட நெகிழ்ந்துபோனார்.

"சரி, உள்ள போயி என் வலியச் சொல்லு."

"வலியத்தான் சொல்லப் போறேன்" என்று போனாள்.

கதவோரம் நின்று கேட்டேன். முதுகு என்ற பேச்சே இல்லை. வலது தோளாம். எட்டு வருடமாகக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி மாட்டி ரப்பர் பால் தூக்கிய தோள். கையை மேலே தூக்கினால் உயிர் போகிறதாம். என்னிடமும் சொல்லியிருக்கிறாள். எண்ணெய் தடவிக்கொள் என்று நானும் வைத்தியம் சொல்லியிருக்கிறேன். பிறகு அந்த எண்ணெயை என் முதுகில் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

டாக்டர் சீட்டு எழுதினார். முனியாயிக்குப் பத்து நாள் ஓய்வு. தண்ணீர் தூக்குவது, விறகு பிளப்பது, சமைப்பது எல்லாம் புருஷன் பொறுப்பு. வெளியே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, அடுத்த மாதம் பார்ப்போம், அதுவரை நன்றாகக் குனிந்து நிமிரும் என்றார்.

போகட்டும், புருஷன் பெயரைச் சொல்லவே கூசுகிற மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் சேர்க்க வீரமுத்துக் கங்காணி எங்கள் லயத்துக்கு வந்தார். இந்த வீட்டில் யாருக்குச் சீக்கு, யார் வேலைக்கு என்று கேட்டார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், படுத்த இடத்திலிருந்தே கணீரென்று பதில் போனது:

"சீக்கு முனியாயி. வேலைக்கு வீராசாமி மகன் தம்புசாமி."