குட்டிக் காருக்குக் குண்டு டயர்

கணக்கு டீச்சர் போட்ட கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை. தையல்காரர் ஜன்னல் திரைக்குத் துணி அளந்துவிட்டு, "டீச்சர், சரிதானே?" என்று என்னிடமே கேட்பார். சொந்தக்காரர்கள் நிலம் அளக்கும்போது சும்மா பக்கத்தில் நிற்பதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற எனக்கு இந்த மரியாதை நாளடைவில் தலைக்கு ஏறிவிட்டது. தலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காருக்கும் ஏறிவிட்டது.

கோவாவில் எப்போதோ கொஞ்ச காலம் செய்து, பிறகு நிறுத்திவிட்ட குட்டி ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம். இரண்டே பேர் உட்காரலாம், கூரையைக் கழற்றி வைத்துவிட்டும் ஓட்டலாம். (ஸ்போர்ட்ஸ் என்பதெல்லாம் தோற்றத்தில்தான். எஞ்சின், சந்தைக்குப் போய் மீன் வாங்கி வரும் சாதாரணக் காரின் எஞ்சின்.) மார்த்தாண்டத்தில் ஒரு துபாய்க்காரர் வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து எனக்காக நான் ஆசைப்பட்ட ஒரே பொருள் அதுதான். வாங்கிவிட்டேன்.

என் கணவர் ஜெபராஜ் ரப்பர் ஷீட் வியாபாரி. ஆள் நல்ல வாட்டசாட்டம். நூறு கிலோவைத் தொடாமல், அதைவிட்டு விலகவும் செய்யாமல் நிற்பவர். காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, ரெண்டு பேரு இருக்கியதுக்கு ஒரு காரா? அதிலயும் நான் ஒண்ணரை ஆளு."

இதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கோயம்புத்தூரிலிருந்து என் தம்பி ஜஸ்டின் போன் செய்தான்.

"அக்கா, இங்க ரேஸ் ட்ராக்ல சொந்தக் காரை ஓட்ட விடுறாங்க. நான் அப்பப்போ போறேன். ஒனக்க செவப்பு வண்டியக் கொண்டு வா. ஒரு சுற்று யாரு வேகமா வாறான்னு பாப்போம்."

அவன் ஓட்டுவது மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற கார். பின்சீட்டில் எப்போதும் ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும் உருண்டுகொண்டிருக்கும். அவனுக்கு சைக்கிள் பழக்கியது நான். கணக்கு சொல்லிக்கொடுத்ததும் நான். அவனிடம் தோற்பதா? மறுநாளே ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலும் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் டயரைப் பார்த்தேன். மெலிந்து, வெளிறி, சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி இருந்தது. ரேஸ் கார்களின் படங்களில் டயர்கள் எப்படி அகலமாக உட்கார்ந்திருக்கின்றன! அகலம் கூடினால் பிடி கூடும், பிடி கூடினால் வேகம் கூடும் என்று முடிவு செய்தேன். அந்த அகலத்தைச் சுற்றுவதற்கு எஞ்சினில் தெம்பு வேண்டுமே என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், டயருக்குள் நைட்ரஜன் அடித்தால் போதும் என்றார். எங்கள் பி.டி. சார், டயரைவிட ஷூதான் முக்கியம் என்றார். (என்ன சொல்ல!) என் கணவரோ ரப்பரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்ற உரிமையில், ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் விதத்திலிருந்து ஆரம்பித்தார். டயருக்கு வந்து சேர்வதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. "இருக்கிய டயரு போதும்" என்று கடைசியில் அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அதைக் கேட்டிருக்கலாம்.

டயரின் பக்கவாட்டில் மூன்று எண்கள் இருக்கும். என் பழைய டயரில் 155, 70, 13 என்று இருந்தது. முதல் எண் ரப்பரின் அகலம், மில்லிமீட்டரில். மூன்றாவது, நடுவில் உள்ள இரும்புச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். அப்படியானால் நடுவில் நிற்கும் 70, ரப்பரின் உயரமாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் மில்லிமீட்டரில்தான் இருக்க வேண்டும் என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் போய்க் கேட்பாளா?

மார்த்தாண்டம் டயர் கடையில், பளபளவென்ற அலாய் சக்கரத்தோடு 195, 60, 14 என்று ஒரு செட் கண்ணில் பட்டது. கடைக்காரரை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். "பாருங்க, எழுபது அறுபதா குறையுது. மேல பத்து, கீழ பத்து, ஆக இருபது மில்லி குறைவு. சக்கரம் ஒரு இஞ்ச் கூடுது, அது இருபத்தஞ்சு மில்லி. ஆக மொத்த வித்தியாசம் வெறும் அஞ்சு மில்லி. ஒரு நகத்து அளவு."

அவருடைய மூத்த மகன் என்னிடம் படித்தவன். "டீச்சரே கணக்குப் போட்டாச்சு. பெறவு என்ன?" என்று ஜாக்கியை எடுத்துவிட்டார்.

நான்கும் மாட்டி முடிந்ததும் கார் கொஞ்சம் உயர்ந்து, காலில் பெரிய பூட்ஸ் போட்ட குழந்தைபோல நின்றது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கரம் உள்ளே எங்கோ உரசியது. "உள்ள இருக்க பிளாஸ்டிக்க கொஞ்சம் வெட்டிரலாமா டீச்சர்?" என்றார். வெட்டுங்கள் என்றேன். ஐந்து மில்லிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்குக் கோபம் வேறு.

ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் புறப்பட்டோம். வழிச் சாப்பாட்டுக்கு அப்பமும் கோழிக்கறியும் தூக்குவாளியில் அவர் மடியில் இருந்தன. நாகர்கோவில் வரை சமாளித்தோம். தோவாளையில் பூ வண்டிகளுக்கு வழிவிட்டு ஒரு பள்ளத்தில் இறங்கியபோது, கர்ர்ர் என்றது.

"என்ன சத்தம்?"

"ரோட்டுச் சத்தம்."

"ரோடு இப்பிடிக் கத்துமா?"

பள்ளத்துக்குப் பள்ளம் கர்ர்ர். ஆரல்வாய்மொழியில் காற்று வந்து மோதியபோது அவர் மூக்கைச் சுருக்கினார். "ஏட்டி, ரப்பர் கரியுது. எனக்குத் தெரியாத மணமா? வண்டிய நிறுத்து."

காவல்கிணறு தாண்டி ஓரமாக நிறுத்தி, இறங்கிப் பார்த்தோம். என் பக்கத்துப் பின்டயர் புதிதாகவே இருந்தது. அவர் பக்கத்துப் பின்டயரின் ஓரம், சவரம் செய்ததுபோல வழவழவென்று இருந்தது. மட்கார்டின் உள்விளிம்பில் கறுப்பாக ரப்பர் தூள்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே மிக மோசமானதை அப்போது சொன்னேன்: "உங்க பக்கம் மட்டும்தான் இடிக்குது."

அவர் டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதுக்கு?"

"இல்ல... இந்த வழியா மதுரைக்கு நெறைய பஸ்ஸு போகுது..."

"கிரேஸே, நீ என்னைய எறக்கிவிடுதியா? டயருக்காவ?"

"எறக்கிவிடல. மதுரை ஸ்டாண்டுல வந்து ஏத்திக்கிடுவேன். அங்க இருந்து ரோடு நல்லா இருக்குமாம்."

அவர் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போய் நின்றார். அந்தச் சாப்பாடு இருவருக்குமானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆளை இறக்கியாயிற்று, இனிப் பறக்கலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கார் பறக்கவில்லை. மேல் கியர் போட்டால் திணறியது, கீழ் கியர் போட்டால் அழுதது. டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் எஞ்சின் கூடுதல் தூரம் இழுக்க வேண்டும். சைக்கிளில் பெரிய பல்சக்கரத்தைப் போட்டுக்கொண்டு மேட்டில் மிதிப்பது போன்றதுதான். அது அப்போது எனக்குத் தெரியாது. காற்று என்று நினைத்தேன். பெட்ரோலில் கலப்படம் என்று நினைத்தேன். நாங்குநேரிக்கு முன்னால் பின்னாலிருந்து ஒரு ஹாரன். ஒதுங்கினேன். மதுரை பஸ் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் என் கணவர் அப்பம் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அப்பத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

மதுரை ஸ்டாண்டில் அவர் எனக்காகக் காத்திருக்கவும் இல்லை. "கோயம்புத்தூர் பஸ்ஸு ஏறிட்டேன். நீ பைய வா" என்று போனில் சொன்னார். நான் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் குளித்து, கைலி மாற்றி, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ட்ராக். அங்கே முதலில் கொடிகளைப் பற்றி விளக்கினார்கள்: எந்தக் கொடி காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று. அந்த நேரத்தில் நான் ஸ்டாஃப் ரூமுக்கு அனுப்புவதற்காக என் டயரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டியைச் சோதித்தவர் ஓரத்தை அமுக்கிப் பார்த்து, "உள்ள உரசாதுங்களா?" என்று கேட்டார். "ஆள் இறங்கியாச்சு, இனி உரசாது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற என் கணவருக்குப் புரிந்தது.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரை ட்ராக்கில் இறக்கினேன். நேர்ப்பாதையில் ஒன்றுமில்லை. முதல் வளைவில் திரும்பினேன். கர்ர்ர். பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. வேகமாகத் திரும்பும்போது காரின் பாரம் முழுக்க வெளிப்பக்கச் சக்கரத்தில் போய் உட்காரும். நான் பஸ்ஸில் ஏற்றிவிட்ட கணவரை, வளைவுக்கு வளைவு யாரோ கொண்டுவந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜஸ்டின் என்னைத் தாண்டினான். அவன் பின்கண்ணாடிக்குள் குடை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருள்வது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். அடுத்த சுற்றில் ஓரத்தில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துக் கறுப்புக் கொடி அசைத்தார். 'பெண் ஒருத்தி ஓட்டுகிறாளே என்று உற்சாகப்படுத்துகிறார்' என்று நெகிழ்ந்துபோய்க் கையை அசைத்தேன். அடுத்த சுற்றில் அவர் குதித்துக் குதித்து அசைத்தார். நானும் இன்னும் பலமாக அசைத்தேன். (கறுப்புக் கொடி என்றால், உடனே வெளியே வா என்று அர்த்தம். என் பின்னால் புகை வால் மாதிரி வந்துகொண்டிருந்திருக்கிறது.)

ஜஸ்டின் இரண்டாவது தடவை என்னைத் தாண்டிய வளைவில்தான், மட்கார்டின் விளிம்பு டயரை அறுத்தது. வெடி போட்டதுபோல ஒரு சத்தம். வானம், புல், டயர் அடுக்கு, மறுபடியும் வானம். கார் ஒரு முழு வட்டம் சுற்றி, புல்லுக்குள் போய் நின்றது.

ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் மற்ற எல்லாச் சத்தத்தையும் தாண்டி வந்தது. "கிரேஸே! ஒனக்கு ஒண்ணும் இல்லியே? கையக் காட்டு! கையக் காட்டு மக்களே!" எங்கள் ஊரில் செல்லப் பிள்ளையைத்தான் 'மக்களே' என்பார்கள். கையைக் காட்டினேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலையில் எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

வண்டியை இழுத்து வந்து நிறுத்தினார்கள். ஜஸ்டின் கிழிந்த டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். பழைய அளவு என்ன என்று கேட்டான். சொன்னேன். என் ஐந்து மில்லிக் கணக்கையும் விளக்கினேன். அவன் முகம் மெல்ல மாறியது. பண்டிகைக்குப் புதுச்சட்டை கிடைத்த பையனின் முகம்.

"அக்கா, நடுவுல இருக்க நம்பரு மில்லி இல்ல."

"பின்ன?"

"சதவீதம். அகலத்துல எத்தன சதவீதம் உயரம்னு அர்த்தம். பழசுல நூத்தி அம்பத்தஞ்சுல எழுபது சதவீதம். அது நூத்தி எட்டரை. புதுசுல..." போனை எடுத்துத் தட்டினான். "உயரம் குறையல அக்கா, கூடியிருக்கு. சக்கரத்தையும் சேத்தா மொத்தம் நாப்பத்திரெண்டு மில்லி."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"நீதானே எனக்கு சதவீதம் சொல்லித் தந்த?" என்றான். "தப்புப் பண்ணா ஸ்கேலால வேற அடிப்ப."

என் கணவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. நாற்பத்திரண்டு மில்லிக்காக ஒரு மனிதரை நடுரோட்டில் இறக்கிவிட்டவள், அவரிடம் என்ன பேச முடியும்?

காரைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். இருவர் சீட்டில் அவர் உட்கார்ந்ததும் எனக்குப் பாதி சீட்டுதான் மிஞ்சியது. மதுரை பக்கம் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

"இடிக்குதா?"

"இல்ல."

"சொல்லு. எறங்கிக்கிடுதேன்."

பின்பு பழைய சக்கரங்களை லாரியில் அனுப்பி, அந்த மெலிந்த டயர்களோடேயே கார் ஊர் வந்து சேர்ந்தது. வழியில் ஒரு முணுமுணுப்பு இல்லை. இப்போதும் நாங்கள் இருவரும் அதில்தான் சர்ச்சுக்குப் போகிறோம்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஜஸ்டினின் மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், கணக்குப் புத்தகத்தோடு என்னைத் தாண்டி நேராக என் கணவரிடம் போய் உட்கார்ந்தாள். "அல்ஜிப்ராவுக்கு அத்தை. சதவீதத்துக்கு மட்டும் மாமான்னு அப்பா சொல்லி விட்டாங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தேன்.

"கேளு மக்களே. ஒரு டயருக்க அகலம் நூத்தித் தொண்ணூத்தஞ்சு மில்லி. அதுல அறுபது சதவீதம் எவ்வளவு?"

பென்சில் ஓடும் சத்தம் கேட்டது.

"நூத்திப் பதினேழு, மாமா."

"சத்தமா சொல்லு மக்களே. அடுக்களையில ஒரு டீச்சர் நிக்கியா."