வீசை நைனாவின் கட்டைவிரல்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கியவர், ஏறியவர், வழியனுப்ப வந்தவர் என்று எவருமே வீசை நைனாவின் கண்ணில் எடை படாமல் தப்பியது கிடையாது.

ஐம்பதுகளின் தொடக்கம். ஸ்டேஷனை ஒட்டிய ஒரு விறகு மண்டியில் அவர் தராசுக்காரர், நான் குமாஸ்தா. சுற்றுவட்டாரத்துச் சவுக்குக் கட்டையெல்லாம் மாட்டுவண்டியில் எங்களிடம் வந்து, முக்காலி நட்டுத் தொங்கவிட்ட பெரிய தராசில் நிறுக்கப்பட்டு, கூட்ஸ் ரயில் வாகனில் ஏறி, மதராஸ் அடுப்புகளுக்குப் போகும். அப்பா அம்மா அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, வணக்கம் சொல்வதற்கு முன்பே என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"முப்பத்தாறு வீசை. செருப்போட."

இன்றைய கணக்கில் ஐம்பது கிலோ. அத்தோடு விட்டாரா? தராசுத் தட்டில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார். ஐந்து பலம், அதாவது அரைக்கால் வீசை, கூடுதலாகக் காட்டியது. அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"சட்டைக்குள்ள இன்னாத்த வெச்சிக்கினு கீற?"

மடியில் செருகியிருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். முப்பத்தாறு வீசைக் கல்லுக்கு முள் சரியாக நடுவில் நின்றது. "அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்கார மாட்டார். நேராக மணமேடைக்குப் போய், மாப்பிள்ளை நாற்பத்திநாலு, பெண் முப்பத்தொன்று என்று அறிவித்துவிட்டுத்தான் மொய்யையே எடுப்பார். ஒருநாள் தபாலாபீஸ்காரர் மனைவி மண்டிப் பக்கம் போனார். நைனா எழுந்து நின்று கும்பிட்டார்.

"அம்மாவுக்கு ரெண்டு வீசை கூடிகீது. அதுல அம்மா துன்னது முக்கா வீசைதான்."

அந்த அம்மாவுக்கே சந்தேகமாக இருந்த சமாச்சாரம் அது. உள்ளூர் மருத்துவச்சி தன் பிழைப்பில் மண் விழுந்ததாக வந்து சண்டை போட்டாள். நைனா அவளை ஏற இறங்கப் பார்த்து, "கோவத்துல கால் வீசை ஏறிகீது பார்" என்றார்.

ஆனால் தராசுப் பக்கம் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். காலைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் கிட்டே போவார். ஒரு வண்டி நிறுத்து முடிந்ததும் தட்டில் உதிர்ந்த பட்டையைக் கையால் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் அடுத்த வண்டிக் கட்டையைத் தொடுவார். விறகு ஈரமா என்று பார்க்க இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டு, எட்டு வீசை கொண்ட மணங்குக்கு இத்தனை பலம் கழிவு என்று அவர் சொன்னால் முதலாளியும் பேச மாட்டார், வண்டிக்காரனும் பேச மாட்டான்.

இனி என் வண்டவாளத்துக்கு வருகிறேன்.

நான் கதை எழுதுகிற குமாஸ்தா. சாதாரண ஜனங்களின் சாதாரண நாட்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற வெறி. ஒரு வாரப் பத்திரிகைக்கு மூன்று கதை அனுப்பினேன். மூன்றும் திரும்பி வந்தன. மூன்றாவதோடு ஆசிரியர் ஒரு கடிதமும் வைத்திருந்தார். பாத்திரங்களுக்கு உயிர் இல்லை, சுற்றி இருப்பவர்களைக் கவனியுங்கள் என்று.

கவனித்தேன். எவர் மூக்கை யாருக்கு ஒட்டலாம், எவர் இருமலை யாருக்குக் கொடுக்கலாம் என்று நோட்டு நோட்டாக எழுதினேன். கடைசியில் எதற்கு இந்த ஒட்டுவேலை, முழு ஆளே பக்கத்தில் நிற்கிறாரே என்று தோன்றியது. நைனாவை அப்படியே தூக்கிக் கதையில் வைத்தேன். பெயர் மட்டும் ஏகாம்பரம். கால் கழுவுவது, கல்யாணத்தில் எடை சொல்வது, கட்டையைத் தட்டுவது எல்லாம் அவருடையதே.

எழுதிப் பார்த்தால் திருப்பம் இல்லை. நல்லவர் ஒருவர் நன்றாக நிறுக்கிறார் என்றால் எவன் படிப்பான்? ஆகவே ஒன்று சேர்த்தேன். ஏகாம்பரம் பக்தியோடு காலைக் கழுவுவதே, யாரும் பார்க்காதபோது எடைக்கல் தட்டின்மேல் கால் கட்டைவிரலை வைத்து அழுத்தத்தான் என்று. கல் பக்கம் அழுத்தினால் விறகு எடையைக் குறைத்துக் காட்டும் அல்லவா? எழுதிவிட்டு நானே சிரித்தேன். அந்தக் காலத்து வழக்கப்படி பங்கஜவல்லி என்று பெண் பெயரில் அனுப்பினேன். படத்தோடு வந்துவிட்டது.

ஊரில் அந்தப் பத்திரிகை சலூனுக்கு ஒரு பிரதி வரும். ஒரு பிரதி போதுமே! மறுநாளே வண்டிக்காரர்கள் கட்டையைப் பார்க்காமல் நைனாவின் காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"நைனா, கால கொஞ்சம் தள்ளி வெச்சிக்கோ" என்றான் ஒருவன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவும் ஏதோ விளையாட்டென்று சிரித்தார்.

பன்னிரண்டு வருஷமாக மண்டிக்குச் சவுக்கு அனுப்புகிற பழவேற்காட்டு பாய், அதுவரை வண்டியை மட்டும் அனுப்பியவர், அந்த வாரம் தானே வந்து தராசுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். அப்போது நைனா சிரிக்கவில்லை. இரண்டு வண்டிகள் எதிர் மண்டிக்குப் போயின. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "திங்கக்கெயமலேர்ந்து வேற ஆள தராசுல போடு. நைனா கட்டை அடுக்கட்டும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆமாம், தலையாட்டினேன். கலைஞன் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமை மத்தியானம், அடுக்கி வைத்த விறகு அட்டிக்குப் பின்னால் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நைனா வந்தார். துண்டில் சுற்றி வைத்திருந்த பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

"ஊரே பேஜார் பண்ணுது தம்பி. நம்மளப் பத்தி எவளோ எழுதிகீறாளாம். நமக்குப் படிக்கத் தெரியாது. நீ படி, கேப்போம்."

கையைக் கழுவிக்கொண்டு வாங்கினேன். முதல் பத்தியை உள்ளபடியே படித்தேன். கட்டைவிரல் வருகிற இடம் வந்தது. பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆரம்பாக்கத்திலிருந்து மழையில் தலைச்சுமை விறகோடு வந்த ஒருத்தியின் கதை அது. ஈரம், கழிவு போடு என்கிறார் முதலாளி. ஏகாம்பரம் இரண்டு கட்டையைத் தட்டிப் பார்த்து, பட்டைதான் நனைந்திருக்கிறது, உள்ளே காய்ந்த கட்டை, ஒரு பலம்கூடக் கழிக்க மாட்டேன் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்கிறார். இது என் கற்பனை இல்லை. நான் கண்ணால் பார்த்து நோட்டில் எழுதி வைத்து, இதில் என்ன சுவாரசியம் என்று தள்ளிவிட்டது. தடுமாறாமல் படித்தேன். பக்கத்தைத் திருப்பக்கூட மறக்கவில்லை.

நைனா கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் பத்திரிகையை வாங்கித் துண்டில் பத்திரமாகச் சுற்றினார்.

"சலூன்காரன் காலைலயே படிச்சிக் காட்டிட்டான் தம்பி. ரெண்டு தபா" என்றார். "அதுல அந்தப் பொம்பள வர்ல. அவ வந்த அன்னிக்கு நானு, மொதலாளி, நீ, மூணு பேருதான் அங்க இருந்தோம்."

நான் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தேன்.

"நீ இப்ப படிச்சியே, நல்லாகீது. இதையே எழுதி இருக்கலாம்ல?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார்.

அன்று மாலையே முதலாளியிடம் பங்கஜவல்லி நான்தான் என்றேன். "கத எய்த ஒனக்கு எம் மண்டி ஆளா கெடச்சான்?" என்று அவர் கத்தியது பிளாட்பாரம் வரை கேட்டது. பழவேற்காட்டுக்கு சைக்கிளில் போய் பாயிடமும் சொன்னேன். அவர், "பன்னெண்டு வருசம் கண்ணால பாத்த ஆளு. ஒரு கதயப் படிச்சிட்டு அவன் காலப் போய்ப் பாத்தேனே. ஒன்ன நா இன்னான்னு சொல்றது?" என்றார். திங்கட்கிழமை அவருடைய வண்டி மட்டும் வந்தது, அவர் வரவில்லை. தராசில் நைனாதான் நின்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து முள் ஆடி நிற்கும் நேரத்தில் நைனா இரண்டடி பின்னால் தள்ளிப்போய், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாரும் கேட்கவில்லை. நான் அங்கே இருந்த நான்கு வருஷமும் அப்படித்தான் நின்றார்.

"எதுக்கு நைனா? இப்பதான் எல்லாரும் நம்பறாங்களே" என்று ஒருநாள் கேட்டேன்.

"இப்டி நின்னு பயகிப்போச்சி தம்பி" என்றார். என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரைக் கதையில் வைத்தேன். அவரளவுக்கு நான் நேசித்தவர் எவரும் இல்லை. அந்தக் கால் ஒருநாளும் தட்டில் பட்டதில்லை. நான்தான் பொய் எழுதினேன், நைனா.