அறுபது தோட்டா, ஐம்பது ஓட்டை

லஃபோர்ஷ் ஆற்றுக்கரை,
அக்டோபர் மாதம், திங்கட்கிழமை.

அன்புள்ள கொழுந்தனார் ஓவீட் அவர்களுக்கு,

அண்ணி க்ளேலி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். என் முழங்கால் இரண்டும் கடவுள் கொடுத்தவை, எழுபத்து மூன்று வயதிலும் மக்கர் செய்யவில்லை. உங்களுக்கு மருத்துவர் மாட்டிவிட்ட புது முழங்கால் ஒழுங்காக மடங்குகிறதா என்று எழுதவும். உங்கள் மகள் வாரத்தில் மூன்று நாள் கடையில் வாங்கிய பீட்சா தருகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளிடம் என் அன்பைச் சொல்லவும். அது சாப்பாடு அல்ல என்பதையும் சொல்லவும்.

சனிக்கிழமை போட்டியைப் பற்றி இதற்குள் நான்கு பேராவது உங்களைத் தொலைபேசியில் அழைத்திருப்பார்கள். அந்த நான்கு பேரும் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவர்கள் அல்ல. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் நான் எழுதுகிறேன். இதைப் படித்த பிறகு உங்களுக்கு வேறு யாருடைய சாட்சியும் தேவைப்படாது.

துப்பாக்கிக் கழகத் தலைவர் என்ற முறையில் ஆகஸ்டில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பு எனக்கு மனப்பாடம். துப்பாக்கிக்கு அடியில் மாட்டுகிற உருண்டைத் தோட்டாப் பெட்டிகளான டிரம் மேகசின்கள் அடிக்கடி சிக்கிக்கொண்டு எல்லோரையும் காக்க வைக்கின்றன, ஆகவே ஜனவரி முதல் நம் போட்டிகளில் அவற்றுக்கு இடமில்லை என்றீர்கள். அக்டோபர் போட்டியின் கடைசிச் சுற்றில் ஒரு டிரம்மாவது தனக்குள் போட்ட தோட்டா அனைத்தையும் சிக்காமல் வெளியே தள்ளிக் காட்டினால் தடையை விலக்கிக்கொள்வதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அது வெறும் பிளாஸ்டிக் உருளை என்று உங்களுக்குத் தோன்றலாம். என் வில்ஃப்ரெட் கண்மூடும்வரை பதினோரு வருடம் அதை மாட்டித்தான் சுட்டார். உங்கள் அண்ணனின் சட்டைகளைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன், படகை விற்றுவிட்டேன். துப்பாக்கியையும் டிரம்மையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அதையும் நீங்கள் தடை செய்தால் சனிக்கிழமைகளில் நான் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பூவேலையா?

டிரம்மின் அருமை தெரியாதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மற்றவர்கள் முப்பது முப்பதாக நீள மேகசின்களில் அடைத்து, பாதிச் சுற்றில் ஒன்றைக் கழற்றி, இன்னொன்றை இடுப்பில் தடவி, அதைக் கீழே போட்டு, போட்டதற்காகத் தங்களையே திட்டி நேரம் கழிக்கிறார்கள். டிரம்மில் அறுபது பிடிக்கும். மாட்டினால் மாட்டியதுதான், முதல் இலக்கு அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை இடது கைக்கு வேறு வேலை இல்லை. அதை நிறைப்பதற்குப் பொறுமை வேண்டும், அது எல்லோருக்கும் வராது. நான் எப்படி நிறைப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். சமையலறை மேசையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இடது கையில் செபமாலை, வலது கையில் தோட்டா. சிலுவைக்கு ஒன்று, பிறகு மணிக்கு ஒன்று. செபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து கொத்து, தனி மணி ஒன்பது, ஆக ஐம்பத்தொன்பது மணி, சிலுவையோடு சேர்த்தால் அறுபது. அது கன்னியர்கள் கற்றுக்கொடுத்த கணக்கு, அதில் பிழை வராது. மார்ச்சில் வண்டிக் கதவில் மாட்டி அறுந்த அந்த மாலையை நீங்கள்தான் தூண்டில் நரம்பில் கோத்துக் கொடுத்தீர்கள், நல்ல முடிச்சு, அதற்கு மறுபடியும் நன்றி. இன்னொன்றும் சொல்ல வேண்டும், தற்பெருமை அல்ல. அந்தத் தவக்காலத்திலிருந்து என் செபம் வேகம் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் வில்ஃப்ரெட்டுக்காகச் செபமாலை சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும், இப்போது சூட்டோடு குடிக்கிறேன். எல்லாம் பயிற்சி.

டிரம்மின் முதுகில் தோட்டா தெரிய ஒரு சின்ன ஜன்னல் உண்டு. வில்ஃப்ரெட் அதை வண்டி பிரேக்கைத் துடைக்கிற திரவத்தால் துடைத்து, கண்புரை விழுந்த கண் மாதிரி ஆக்கிவிட்டுப் போனார். பரவாயில்லை. எண்ணிப் போட்டவளுக்கு எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது?

போட்டிக்கு வருகிறேன். டிரம்காரர்கள் மூன்று பேர் இருந்தோம். முதலாமவன் ஷெர்மன், முந்தின நாள் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கொண்டுபோன டிரம்மைச் சேற்றோடு கொண்டுவந்து மாட்டினான், பதினேழாவது தோட்டாவில் அது நின்றது, நிற்காமல் என்ன செய்யும், அதற்கு மூக்கடைப்பு. இரண்டாமவர் அந்தப் பல் மருத்துவர், நிறைத்த டிரம்மைத் தன் கால் பெருவிரல் மேலேயே நழுவவிட்டார், விரலும் டிரம்மும் ஒரே நேரத்தில் விரிசல் விட்டன, வலி தெரியாமல் பல் பிடுங்குவேன் என்று விளம்பரம் செய்கிற மனிதர் ஊர் கேட்கக் கத்தினார். ஆக எல்லாம் என் டிரம்மின் தலையில் வந்து விழுந்தது. எனக்குக் கவலையே இல்லை. எல்டன் ஃபோரேதான் என் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடாமல் இருந்தான்.

“என்னக்கா, துப்பாக்கிக்கு எத்தனாவது மாசம்?”

“உன் வயித்துக்கு எத்தனையோ அத்தனைதான்.”

“பூசணிக்காய தூக்கிக்கிட்டு ஓட முடியுமா உங்களால?”

“ஓட வேண்டாம் எல்டன். நீ மேகசின் மாத்தி முடிக்கிறதுக்குள்ள நான் நடந்தே போயிட்டு வந்துருவேன்.”

பிறகு நான் கைகழுவப் போனேன். ஏழு நிமிடம். டிரம் பையில் இருந்தது, பை அவனுடைய வண்டியின் பின்பலகையில் இருந்தது. “நான் பாத்துக்கறேன், போங்கக்கா. முட்டையா போட்டுறப் போகுது?” என்றான். இந்த ஏழு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கடைசிச் சுற்றில் இருபத்தாறு அட்டை, அட்டைக்கு இரண்டு குண்டு, ஆக ஐம்பத்திரண்டு. அறுபது வைத்திருப்பவளுக்கு எட்டு உபரி. ஆகையால் இடுப்பில் வேறு மேகசின் வைத்துக்கொள்ளவில்லை, அது அவநம்பிக்கை. நேரம் பார்ப்பதற்கு ரோண்டா நின்றாள். “ஏத்திக்கிட்டுத் தயாராகுங்க” என்றாள், கையிலிருந்த நேரக்கருவி கூவியது, நான் தொடங்கினேன். ஓவீட், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுடுவதற்கு நட்ட முதல் மரச்சட்ட ஜன்னலில் ஒன்பது அட்டை, இரண்டாவதில் ஒன்பது, அட்டைக்கு இரண்டு, ஒன்றுகூடத் தவறவில்லை, டிரம் வெண்ணெய் மாதிரி ஊட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாவது ஜன்னலில் ஏழு அட்டை முடிந்தது. கடைசி அட்டைக்குத் திரும்பினேன். துப்பாக்கி வாயைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே ஒன்றுமில்லை.

“டிரம்மு நின்னுபோச்சா?” என்றாள் ரோண்டா.

“நிக்கல. தீந்துபோச்சு.”

“அறுவதுல்ல போட்டேன்னீங்க?”

“போட்டேன்.”

“அம்பதுதானே வெடிச்சிருக்கு. மிச்சம் பத்து எங்க?”

“அதத்தான் நானும் கேக்கறேன்!”

ஓட்டைகளை அடைக்க ஒட்டுத்தாளோடு ஓடிய கூட்டத்தை நான் நடுவில் நின்று மறித்தேன். ஒரு ஓட்டையையும் மூடக் கூடாது, முதலில் எண்ணுங்கள் என்றேன். எண்ணினார்கள். ஐம்பது. டிரம்மைக் கழற்றிக் குலுக்கிக் காட்டினேன், காலி. பெட்டிக்குள் போன அறுபதில் ஐம்பது வெளியே வந்து, பெட்டியும் காலி என்றால், நடுவில் ஒரு கை புகுந்திருக்கிறது என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். ரோண்டாவுக்குத் தெரியவில்லை. “பத்து குறைவு, டிரம் மீது சந்தேகம், முடிவு தலைவர் கையில்” என்று எழுதிக்கொண்டாள். தொடாத கடைசி அட்டைக்குத் தண்டம் விழுந்து, மூத்தோர் கோப்பை யாருக்குப் போனது தெரியுமா? பையைப் பார்த்துக்கொண்ட அதே எல்டனுக்கு!

சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்பும் அவனிடம் நேராகவே கேட்டேன். நான் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவள் அல்ல.

“எக்கா, பத்து தோட்டாவ எடுத்து நான் என்ன பண்ணப் போறேன்? கம்போக் குழம்புலயா போடப் போறேன்?”

“கம்போவுல நீ என்ன போடுவன்னு யாருக்குத் தெரியும்? தக்காளி போடற ஆளுதானே நீ.”

நம் ஆற்றுக்கரையில் கம்போவில் தக்காளி போடுகிறவன் என்பது திருடன் என்பதைவிடப் பெரிய பழி என்று உங்களுக்குத் தெரியும். அவன் முகம் அவன் கம்போவின் நிறத்துக்கு வந்தது. நான் கொண்டுபோயிருந்த உருளைக்கிழங்கு சாலட்டில் அவன் கரண்டியைப் போட்டிருந்தான். கரண்டியை எடுத்து அவன் தட்டில் வைத்துவிட்டு, சட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாளாக நான் ஒருத்தியாக அதைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆகவே தலைவர் அவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிரம் குற்றமற்றது என்று எழுதித் தடையை நீக்க வேண்டும். கோப்பையை எல்டனிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். சகல ஆன்மாக்கள் திருநாளுக்குள் அவன் பாவசங்கீர்த்தனம் செய்யாவிட்டால் அவன் பெயரைக் கழகத்திலிருந்து அடிக்க வேண்டும். எண்ணிக்கையில் நான் தவறியிருக்கலாம் என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றினால், எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பதை நினைத்துக்கொள்ளவும்.

புது முழங்காலுக்கும் பழைய இதயத்துக்கும் மாதாவின் துணை இருக்கட்டும். கரும்பு லாரிகள் ஓடுகிற காலம், யாரையும் நம்பி வண்டியில் ஏற வேண்டாம்.

மாறாத அன்புடன் அண்ணி,
க்ளேலி மெலான்சன்

பி.கு. ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மாலை நான்கு மணிக்கு எல்டன் வந்தார். கையில் கம்போப் பாத்திரம். மூடியைத் திறந்து, தக்காளி இல்லை என்று காட்டிய பிறகுதான் உள்ளே வந்தார்.

“எக்கா, என் எதிர்க்க ஒரு தடவ அத ரொப்பிக் காட்டுங்க. நீங்க செபம் சொல்லுங்க, நான் வாய விட்டு எண்றேன். அறுவது வந்துச்சுன்னா நான்தான் திருடன், ஊர் பூரா சொல்லிக்குங்க.”

கண்ணை மூடி நிறைத்தேன். மாலை சுற்றி முடிந்தது. “அம்பது” என்றார். எண்ணத் தெரியாதா என்றேன். மறுபடி நிறைத்தேன், மறுபடி ஐம்பது. மூன்றாம் முறை அவர் தோட்டாவைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்தார்.

“எக்கா, ஒரு பத்துக்கு எத்தன மணி?”

“பத்துக்குப் பத்து. இது ஒரு கேள்வியா?”

“இதுல எட்டுதான் இருக்கு.”

ஐந்து பத்திலும் எட்டு எட்டு, ஓவீட். ஒன்றில் குறைந்திருந்தால் கைதவறியது என்பேன். ஐந்திலும் ஒரே அளவு குறைந்தால் அது தவறு அல்ல, வேலைப்பாடு. வண்டி இருக்கைக்கு அடியில் உருண்ட பத்து மணியைக் குனிந்து தேட உங்கள் பழைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை, அண்ணிக்குத் தெரியாமல் சரிசமமாகப் பங்கு போட்டுக் கோத்துவிட்டீர்கள்.

ஆகவே மேலே எல்டனைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடவும். என் செபத்தின் வேகத்தைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடவும். கோப்பை எல்டனிடமே இருக்கட்டும். டிரம்மில் ஐம்பது போட்டேன், ஐம்பதும் வெளியே வந்தன. உங்கள் அறிவிப்பும் கையெழுத்தும் சுவரில் அப்படியேதான் இருக்கின்றன, ஜனவரியில் டிரம்மோடு வருகிறேன். மார்ச்சிலிருந்து உங்கள் அண்ணனுடைய ஆன்மாவுக்கு நாளுக்குப் பத்து மங்கள வார்த்தைச் செபம் குறைந்திருக்கிறது. இரண்டாயிரத்துக்கு மேல் வருகிறது, அதை நீங்கள் சொல்லி முடிக்கவும். மருத்துவர் ஓய்வு கொடுக்கச் சொன்னது முழங்காலுக்குத்தான், வாய்க்கு அல்ல.

மாலையைத் திருத்த உங்களுக்கு அனுப்பப்போவதில்லை. வில்ஃப்ரெட்டின் தூண்டில் பெட்டியிலிருந்து பத்து சிவப்பு மணிகளை எடுத்துக் கொடுத்தேன். எல்டன் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு கையால் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டே, சத்தமாக எண்ணிக் கோத்துக்கொண்டிருக்கிறார். இப்போது இருபத்தேழில் இருக்கிறார். அவர் எண்ணுவதை நான் எண்ண வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.