கணக்கிலிருந்து தப்பிக்க ஒரு டாக்டர் வேஷம்

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் கல்லூரியை மனதில் வைத்துத்தான் பிளஸ் ஒன் குரூப்பைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று பெற்றோர்கள் நம்புகிறார்கள். நான் கணக்கு டீச்சரை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தேன்.

கணக்கு என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும். கணக்கே இல்லாத சயின்ஸ் குரூப் எங்கள் பள்ளியில் ஒன்றுதான் இருந்தது, ப்யூர் சயின்ஸ். அதைக் கேட்க வீட்டில் ஒரே ஒரு காரணம்தான் செல்லுபடியாகும். "அத்தா, நான் டாக்டராவப் போறேன்" என்றேன். (எவ்வளவு கூசாமல் சொன்னேன்!) நெல்லித்தோப்பில் செருப்புக் கடை வைத்திருந்த அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று செருப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் செய்தி போய்ச் சேர்ந்தது.

அட்மிஷனுக்குப் பக்கத்து வீட்டு சொல்தா மாமாவும் கூட வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். கோட்டு போட்டவர் ஒருவர் உடன் இருந்தால் மரியாதை கிடைக்கும் என்பது அத்தாவின் எண்ணம்.

பிரின்சிபால் மேடம் அப்ளிகேஷனைப் புரட்டினார். "ரத்த வகை எழுதலியே? பக்கத்துல லேப் இருக்கு, பாத்துட்டு வந்துடுங்க."

லேப் பெண் ஊசியை எடுத்ததும் என் விரல் தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

"டாக்டராவப் போற புள்ள பயப்படலாமா? கூராஜ், கூராஜ்!" என்று பிரெஞ்சில் தைரியம் சொன்ன மாமா, "மொதல்ல எனக்குக் குத்தும்மா, அவ பாக்கட்டும்" என்று தன் விரலை நீட்டினார். அதில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. அதுவரைதான் எனக்கு நினைவு இருக்கிறது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நெற்றியில் எலுமிச்சம்பழம் போல வீக்கம். நான் மேசையோடு சாய்ந்ததில் மாமாவின் கோட்டு முழுக்க நீல மருந்து. மயக்கத்தில் இருந்தபோதே என் விரலிலும் குத்திவிட்டார்களாம். (வலிக்கவே இல்லை. நல்ல ஏற்பாடு.)

"நெத்தியில என்னம்மா?" என்றார் மேடம், நாங்கள் பள்ளிக்குத் திரும்பியதும்.

"கதவு இடிச்சிடுச்சு" என்று நான் ஆரம்பிப்பதற்குள், பொய் சொல்லவே தெரியாத அத்தா முந்திக்கொண்டார். "ரத்தத்தப் பாத்து உழுந்துட்டா மேடம். அவ ரத்தங்கூட இல்ல, இவரு ரத்தம்."

மேடம் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். "அப்ப டாக்டர் வேணாங்க. மேத்ஸ், கம்ப்யூட்டர் போட்டுடறேன். இன்ஜினியரிங் போவட்டும்."

அத்தா பரிதாபமாக என்னைப் பார்த்தார். கணக்கைப் பார்த்தாலும் மயக்கம் வரும் என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

பிளஸ் டூ முடியும்வரை அழுதுகொண்டே கணக்குப் போட்டேன். எப்படியோ இன்ஜினியரிங்கும் முடித்துவிட்டேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது விரலை வெட்டிக்கொண்டால், பஞ்சுக்கு முன்னால் எனக்கு நாற்காலி வந்துவிடும். போன வாரம் என் மகள் தெருவில் ஓடி விழுந்துவிட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு, முழங்காலைப் பாவாடையால் மூடியபடி வாசலிலேயே நின்று குரல் கொடுத்தாள்:

"அம்மா, மொதல்ல நீ உக்காரு. அப்புறம் காட்டுறேன்."