ஜின்செங் அங்கிளும் சிவப்புப் பெட்டியும்

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டில் யாரும் நிம்மதியாகத் தும்ம முடியாது. ஒரு தும்மல் போதும், ஜின்செங் அங்கிள் வந்து கதவைத் தட்டிவிடுவார். கையில் ஃபிளாஸ்க், அதற்குள் வெந்நீர், வெந்நீரில் மிதக்கும் ஜின்செங் என்ற சீன வேரின் துண்டுகள். குடித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகர மாட்டார். குடித்த பிறகு தும்மல் நிற்கிறதோ இல்லையோ, தும்முகிற ஆசை போய்விடும்.

அவருக்கென்று ஒரு நல்ல பெயர் இருந்தது. தபால்பெட்டியில் ஒட்டியும் இருந்தது. யாரும் படித்ததில்லை. கோயமுத்தூர்க்காரர், மருந்துக் கம்பெனியில் வேலை. நாளெல்லாம் மாத்திரைகளைச் சோதித்து அனுப்புகிற மனிதர், தன் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டதில்லை.

"பகலெல்லாம் அதையேதானுங்க தம்பி பாக்கறேன். வீட்டுக்கு வந்துமா?" என்பார்.

கூட வேலை பார்த்த சீனக்காரர் ஒருவர் தினமும் மதியம் இந்த வேரைக் கொதிக்கவைத்துக் குடிப்பாராம். அவர் உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போட்டதே கிடையாதாம். வீட்டில் இருக்கப் பிடிக்காதவராக இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

சீனர்கள் செய்வதை அப்படியே செய்திருந்தாலாவது பரவாயில்லை. அவர்கள் கோழி சூப்பில் போடுவார்கள், அங்கிளோ சுத்த சைவம். எனவே ரசத்தில் போட்டார். இட்லி மாவில் அரைத்துக் கலந்தார். ஒரு நாள் ஃபில்டர் காபியில் போட்டு எனக்குக் கொடுத்தார், ஒரு வாரம் நான் காபிப் பக்கமே போகவில்லை. ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்குக்கு, முந்திரிக்குப் பதிலாக வேரை நெய்யில் வறுத்துப் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். அடுத்த வீட்டுக் குட்டிப் பெண் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "அங்கிள், இஸ் திஸ் வுட்?" என்று கேட்டாள்.

"ஹெல்த் கண்ணு, ஹெல்த்!" என்றார் அங்கிள், கொஞ்சமும் கலங்காமல்.

அன்றைக்கு அத்தனை குழந்தைகளும் ஒரே குரலில் "யக்" என்றார்கள். தமிழ்ப் பள்ளியில் எத்தனையோ வருடம் பாடம் நடத்தியும் அந்த ஒற்றுமை வந்ததில்லை.

இத்தனை பரிசோதனைக்கும் வீட்டிலேயே கிடைத்த எலி அவர் மனைவிதான். எங்கள் எல்லோருக்கும் ஆன்டி. வேரைக் கண்டாலே குப்பைத்தொட்டியைத் தேடுவார். "இந்த மனுசன் ஒரு நாளைக்கு என்னையே வேரோட கொதிக்க வெச்சுருவாரு" என்று வாய்விட்டுச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு ஒரு சமயம் காணாமல் போனது. ஆன்டிக்கு வயிற்றில் ஆபரேஷன். அது நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய்க்கு மேல் தட்டைத் தள்ளிவிடுவார். நாங்கள் ஆளுக்கொரு நாள் சமைத்துக் கொண்டுபோனோம், எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. பிடித்ததை எல்லாம் சாப்பிடட்டும் என்றார் டாக்டர். அடுத்த முறை வரும்போது எடை இன்னும் இறங்கியிருந்தால் மறுபடி அட்மிட் பண்ண வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். ஆன்டிக்கு ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம்.

அங்கிள் அசரவில்லை. நியூயார்க்கின் சைனாடவுன் வரை டிரைவ் பண்ணிப் போய், கடையிலேயே பெரிய வேராகப் பார்த்து வாங்கி வந்தார். சிவப்புப் பட்டு ஒட்டிய பெட்டி, உள்ளே பஞ்சு மெத்தை, அதன்மேல் இரண்டு கால் நீட்டிப் படுத்திருக்கும் குட்டி மனிதனைப் போல வேர். பெட்டியோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஆன்டி சாப்பிடும் மருந்துகளையெல்லாம் பார்த்துவிட்டு, சமையலில் கொஞ்சம் சேர்த்தால் கெடுதல் இல்லை, ஆனால் இதனால் எடை கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றாராம் டாக்டர். அங்கிள் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

சனிக்கிழமை நிதானமாக சூப் வைப்பதாகத் திட்டம். அதுவரை வீட்டில் வைத்தால் ஆன்டி தூக்கிப் போட்டுவிடுவார் என்று பெட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஆபீஸில். என் மனைவி உள்ளறையில் ஆன்லைன் மீட்டிங்கில். வாங்கிக்கொண்டது, கல்லிடைக்குறிச்சியிலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்த என் மாமியார். "கெட்டுப் போகாமப் பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அங்கிள்.

சனிக்கிழமை காலையில் வந்தார். "பெட்டியக் குடுங்க தம்பி. அடுப்புல தண்ணி வெச்சுட்டு வந்துட்டேன்."

பெட்டி வந்தது. திறந்தார். பஞ்சு மெத்தைமேல் மாமியாரின் ஊசியும் நூல்கண்டும் இருந்தன.

"கிழங்கா? அது நன்னா ஊறிடுத்தே!" என்று மாமியார் உள்ளேயிருந்து ஒரு கண்ணாடி ஜாடியைப் பெருமையாகத் தூக்கி வந்தார். மஞ்சள் நிற மோரில், அரைத்த கடுகுக்கும் மிளகாய்க்கும் நடுவில், சைனாடவுனின் மிகப் பெரிய வேர் துண்டு துண்டாக மிதந்தது. அவர் ஊரில் கிழங்கு கெட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது என்றால் அதுதான். மாகாளிக் கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, மோரில் ஊறுகாய் போட்டுவிடுவார்கள்.

"மாகாளின்னுதான் நெனச்சேன். நடுவுல நரம்பைக் காணோம், வாசனையும் இல்லை. இந்த ஊர்ல பச்சை மிளகாய்க்கே காரம் இல்லை, கிழங்குக்கு மட்டும் வாசனை எங்கேருந்து வரும்னு விட்டுட்டேன்" என்றார் மாமியார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "தப்பு என்னோடது மாப்பிள்ளை. அவர் ஆத்துக்காரிகிட்ட நானே சொல்றேன்" என்று, போகிற கையோடு ஒரு டப்பாவில் தயிர்சாதமும் எடுத்துக்கொண்டு ஜாடியோடு கிளம்பினார். நானும் பின்னால் போனேன். அங்கிளும் கூடவே வந்தார். அவர் வீட்டு ஷூ ராக்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ரெண்டு காலையும் வெட்டிப் போட்டாங்களே தம்பி!"

சோபாவில் படுத்திருந்த ஆன்டி சிரித்துவிட்டார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சி, "கடுகு வாசம் ஜம்முனு வருதுங்கம்மா. அதை இங்க கொண்டாங்க பாக்கலாம்" என்றார்.

ஒரு துண்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். தயிர்சாதத்தில் ஒரு வாய். இன்னொரு வாய். மூன்றாவதும் போனது. தட்டு காலியானதும், "இன்னும் கொஞ்சம் சாதம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அங்கிள் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா தம்பி! வேர் வேலை செய்யுது! நான் சொன்னேனுங்களா இல்லையா?"

வேரா, கடுகும் மிளகாயும் புளித்த மோருமா? மாமியார் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அங்கிளின் முகத்தைப் பார்த்தார். "ஆமாம். ஒசத்தி வேர்தான்" என்றார்.

ஆன்டி மீதிச் சாதத்தை இன்னொரு தட்டில் போட்டு அங்கிள் பக்கம் நகர்த்தினார். "போதும், உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க. எனக்கு எறங்கலைன்னு நீங்களும்தான பட்டினி கெடந்தீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அப்போதுதான் அங்கிளைச் சரியாகப் பார்த்தேன். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கையே நுழைந்துவிடும். ஊருக்கெல்லாம் சத்து ஊட்டின மனிதர், தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், பிசைந்து பிசைந்து சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.