பெற்றுக்கொண்டேன், மாலை 3.40

அத்தாட்சிக்காரர் என்றொரு இனம் உண்டு. அலுவலகம் இருக்கிற ஊரிலெல்லாம் உண்டு. பார்த்தவுடன் தெரியாது. நம்மைப் போலவே தலைவாரிக்கொண்டு, நம்மைப் போலவே பேருந்தில் இடம்பிடித்து, நம்மைப் போலவே மூன்று மணிப் பலகாரம் ஏன் இன்னும் வரவில்லை என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் அவரிடம் போய், "உங்களுக்கு ஒரு போன் வந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். போக்குவரத்துக் காவலர்போல அவருடைய கை உயரும்.

"வாயால சொல்லாதீங்க. எழுதிக் குடுங்க."

இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி ஒன்று, கைப்பேசி என்ற சொல்லே பிறக்காத காலத்தில், மணிலாவிலிருந்து கடல் தாண்டிப் போகிற இலோய்லோ நகருக்கு மேற்கே ஒரு கடலோர ஊரின் குடிநீர் அலுவலகத்தில் இருந்தது. பெயர் எலியுதெரியோ தொர்ரெஃபியெல். ஆவணப் பிரிவு எழுத்தர். சின்னவர்களுக்கெல்லாம் மானோங் தேரியோ, அதாவது தேரியோ அண்ணன். அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு தொலைபேசி. அது வரவேற்பு மேசையில் மெர்லி தாயோ என்ற பெண்ணின் முன்னால் இருந்தது. யாருக்கு அழைப்பு வந்தாலும் மெர்லி அதைச் சீட்டில் எழுத வேண்டும். நாள், மணி, அழைத்தவர் முழுப்பெயர், செய்தி, எழுதியவர் கையெழுத்து. கீழே, "பெற்றுக்கொண்டேன்" என்று செய்திக்குரியவரின் கையெழுத்து. முதலெழுத்து மட்டும் போட்டால் செல்லாது. அந்த ஊரில் முக்கால்வாசிப் பேரின் குடும்பப்பெயர் 'த'வில்தான் தொடங்கும்; வெறும் 'த' போட்டுவிட்டு நாளைக்கு நானில்லை என்று கைவிரித்தால் யாரைப் பிடிப்பது?

கையெழுத்தான சீட்டுக்கு தேரியோ வரிசை எண் போடுவார். பிறகு அது பிஸ்கட் டின்னுக்குள் போகும். ஆண்டுக்கு ஒரு டின், ஜனவரியில் எண் மறுபடி ஒன்றிலிருந்து. இருபத்திரண்டு டின்கள் அலமாரியில் நின்றன, சாவி அவர் இடுப்பில். "இன்ஜினியரின் மனைவி கேட்கிறார், மீன் வாங்கியாயிற்றா" என்ற சீட்டு பதினான்கு ஆண்டுகளாகப் பத்திரமாக இருக்கிறது. தவறிவந்த அழைப்புகளுக்கும் விலக்கில்லை. "தவறான எண். யாரோ ஒருவர் தன் கோழி அங்கே வந்ததா என்று கேட்டார். காலை 10.12." இதை யார் பெற்றுக்கொள்வது? தேரியோவே பெற்றுக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். யாரும் பிறக்கும்போதே அத்தாட்சிக்காரராகப் பிறப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மோட்டார் கெட்டுப்போன சேதியை அவர் ஓடிப்போய் மேலதிகாரியிடம் சொன்னார். மூன்று நாள் ஊருக்குத் தண்ணீர் இல்லாமல் போனபோது, "என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார் மேலதிகாரி. சொன்னேன் என்றார் தேரியோ. சொல்லவில்லை என்றார் அவர். மேலதிகாரியின் "இல்லை"க்கு எழுத்தரின் "ஆமாம்" எந்த ஊரில் ஈடாகியிருக்கிறது? கண்டனக் கடிதம் வந்தது. அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட வைத்தார்கள். அந்தக் கையெழுத்தைப் போடும்போதுதான் தேரியோவுக்கு உலகம் எப்படி ஓடுகிறது என்று விளங்கியது. சூடுபட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. இந்தப் பூனை அடுப்பங்கரைக்கே பூட்டுப் போட்டுவிட்டது.

இப்படியிருந்த தேரியோவுக்கு ஒரு ஜூன் மாதம் வாழ்வு வந்தது. அலுவலகத் தலைவர் இன்ஜினியர் தொரால்பா தம் மகளின் கல்யாணத்துக்கு அவரை ஞானத்தகப்பனாக, அதாவது பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற பெரியவர்களில் ஒருவராக, நிற்கச் சொன்னார். நகரமன்றத் தலைவரும் மருத்துவரும் நிற்கிற வரிசையில் ஓர் எழுத்தர். பத்திரிகையில் மூன்றாவது பெயர் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்று அச்சிட்டிருந்தது. அவர் அந்தப் பத்திரிகைக்கும் எண் போட்டு டின்னில் வைத்தார்; அன்னாசி நாரில் நெய்த பாரோங் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தார்; எதிர்த் தீவில் நல்ல பன்றி கிடைக்குமென்று வெள்ளி, சனி இரண்டு நாளும் விடுப்பு எழுதிக் கொடுத்தார். முழுப்பன்றி சுட்டு வைக்காத ஞானத்தகப்பன் என்ன ஞானத்தகப்பன்?

வியாழன் மாலை தொலைபேசி அடித்தது. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு மெர்லி கத்தினாள்.

"மானோங்! கல்யாணம் வந்து..."

கை உயர்ந்தது.

"இண்டாய், எத்தனை தடவ சொல்றது? வாயால சொல்லாத. எழுது."

இண்டாய் என்றால் அந்தப் பக்கத்தில் தங்கச்சி, பெண்ணே, எல்லாம்தான். மெர்லி எழுதிக்கொண்டு வந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"மணி எங்க?"

போய் மணி எழுதிக்கொண்டு வந்தாள்.

"யார் பேசினதுன்னு திருமதி தொரால்பான்னு போட்டிருக்க. அவங்க வீட்டுல மூணு திருமதி தொரால்பா இருக்காங்க. நாளைக்கு எந்தத் திருமதின்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"நாளைக்கு யாரு மானோங் கேக்கப்போறாங்க?"

"கேக்க மாட்டாங்கன்னு நெனச்சவங்கதான் இன்னைக்கு வேலையில்லாம இருக்காங்க."

மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. நாள் இருந்தது, மணி இருந்தது, முழுப்பெயர் இருந்தது, எழுதியவர் கையெழுத்து கோட்டுக்கு மேலே ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகான சீட்டை அவர் பார்த்ததில்லை. மனம் குளிர்ந்து, 417 என்று எண் போட்டு, "பெற்றுக்கொண்டேன், மாலை 3.40" என்று எழுதி, வால் வைத்த தம் கையெழுத்தையும் போட்டு டின்னுக்குள் வைத்து மூடினார். மெர்லி நிம்மதியாகப் போய் உட்கார்ந்தாள்.

ஞாயிறு காலை, இரண்டாம் எண் புயல் எச்சரிக்கையில், மழை சாய்த்து அடித்துக்கொண்டிருக்க, மூன்று சக்கர வண்டியில் பிளாஸ்டிக் போர்த்திய பன்றியை மடியில் சாய்த்துக்கொண்டு, பாரோங் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, தேரியோ தேவாலயத்தின் முன்னால் இறங்கினார். கதவு சாத்தியிருந்தது. கோயில்பிள்ளை வாடிய பூக்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"கல்யாணமா? புயல் வருதுன்னு நேத்தே முடிச்சிட்டாங்களே."

"எழுத்துல இருக்கா?"

இருந்தது. கோயில்பிள்ளை பதிவேட்டையே எடுத்துவந்து காட்டினார். நாள் சனிக்கிழமை. ஞானத்தகப்பன்மார் வரிசையில் மூன்றாவது இடத்தில், மீட்டர் பிரிவு துபாஸ் கையெழுத்திட்டிருந்தார். சீட்டில் 'த' மட்டும் கிறுக்கிவிட்டு ஓடுகிற அதே துபாஸ். பதிவேட்டில் மட்டும் முழுக் கையெழுத்து. தேரியோவுக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை. பன்றியைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை ஐந்து பிரதிகளில் புகார் போனது. தலைவர் இல்லத்து முக்கியச் செய்தியை வரவேற்பு மேசை தமக்குத் தெரிவிக்கவில்லை என்று. மெர்லி நிரந்தர ஊழியை அல்ல. ஆறு மாதத்துக்கொரு தடவை நீட்டிப்பு வாங்குகிறவள். ஜூன் முப்பதோடு கெடு முடிகிறது. கணவன் கப்பல் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஒரு வருடமாக மணிலாவில் காத்திருக்கிறான்.

"குடுத்தேன் மானோங். மூணு தடவ எழுத வச்சீங்க. கையெழுத்துகூடப் போட்டீங்க" என்றாள்.

"டின்ல இல்லாதது நடக்கலன்னு அர்த்தம். புதன்கிழம விசாரணையில பாத்துக்கலாம்."

அவளிடம் படி இல்லை. படி இரண்டானால் குழப்பம் என்று தடுத்து வைத்தவர் தேரியோதான்.

செவ்வாய்க்கிழமை நண்பகல். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மறுநாளைக்குத் தயாராக அவர் டின்னைத் திறந்து, எச்சில் தொட்டுச் சீட்டுகளைப் புரட்டினார். 415. 416. 417.

"கல்யாணம் ஞாயிறு அல்ல. புயலால் சனி காலை ஏழு மணி. விடுப்பை மாற்றிக்கொண்டு கட்டாயம் வரவும். மணப்பெண் கேட்டுக்கொண்டாள்."

கீழே வால் வைத்த கையெழுத்து. மாலை 3.40.

அன்றைக்கு நாளைப் பார்த்தது நினைவிருந்தது. மணியைப் பார்த்தது நினைவிருந்தது. மூன்று திருமதி தொரால்பாக்களும் நினைவிருந்தார்கள். நடுவில் இருந்த நாலு வரி நினைவில் எங்குமே இல்லை. மணப்பெண் கேட்டுக்கொண்டாளாம். அந்த வரியை அவர் மறுபடி படித்தார்.

கிழித்துவிடலாம். யாருக்குத் தெரியும்? சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வைத்த பிறகுதான் உறைத்தது: 416-க்குப் பிறகு 418 வரும். 418-இல் இன்ஜினியரின் கையெழுத்து இருக்கிறது. சரி, எலி கடித்தது என்று சொல்லலாம். டின்னுக்குள் எப்படி எலி? இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் தப்ப முடியாதபடி ஒவ்வோர் ஓட்டையாக அடைத்தவர், இப்போது தாம் நுழைய ஓர் ஓட்டை தேடி டின்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், வாசலில் பச்சோய் கடைக்காரன் நூடுல்ஸ் சூப்பை வைத்துக்கொண்டு கூவிவிட்டுப் போனது காதில் விழவில்லை.

மெர்லி உள்ளே வந்தாள். ஒன்றும் பேசாமல் புட்டோ என்கிற அரிசிப் பலகாரம் ஒன்றையும் ஒரு சீட்டையும் மேசைமேல் வைத்தாள். கை பழக்கத்தில் பேனாவை எடுத்தது. கையெழுத்துப் போடுமுன், வாழ்க்கையில் முதல் தடவையாக, தேரியோ சீட்டைப் படித்தார். "மானோங் தேரியோவுக்கு. காலையிலிருந்து நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆறுவதற்குள் சாப்பிடவும். மெர்லி தாயோ, பகல் 12.25."

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தார். கேலியில்லை. பயம் இருந்தது. வாயால் சொன்னால் சொல்லவில்லை என்று ஆகிவிடுமே என்ற பயம். அந்தப் பயத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே தெரியும்.

மறுநாள் விசாரணை. நடுவில் இன்ஜினியர், பக்கத்தில் பணியாளர் பிரிவு மேடம் தெனோரியோ, வேடிக்கை பார்க்கத் துபாஸ். மெர்லி கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு நின்றாள். தேரியோ எழுந்து, 417-ஐ மேசைமேல் வைத்தார். இன்ஜினியர் அதை உரக்கப் படித்தார்.

"மானோங், இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா சார்."

"அப்ப மெர்லி சொல்லியிருக்கா."

"எழுத்துல சொல்லியிருக்கா சார். முறைப்படி. ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"நீங்க படிச்சீங்களா?"

தேரியோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பெற்றுக்கொண்டேன் சார்."

துபாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். மேடம் தெனோரியோ மெர்லியின் நீட்டிப்புத் தாளை அங்கேயே எடுத்துக் கையெழுத்திட்டார். மெர்லி அழுதுகொண்டே சிரித்தாள். எல்லோரும் கலையத் தொடங்கினார்கள். மேடம் 417-ஐத் தம் கோப்பில் சேர்த்தார். தேரியோ மட்டும் அசையவில்லை.

"இன்னும் என்ன மானோங்?"

"சீட்ட நீங்க வச்சிக்கிறதா இருந்தா, மேடம், பெற்றுக்கொண்டதா ஒரு கையெழுத்து."

ஐயோ பாவம், இப்படியும் ஒரு மனிதரா என்கிறீர்கள். வாங்கினதைப் படிக்காமல் ஒருவர் கையெழுத்துப் போடுவாரா, நாமெல்லாம் அப்படியா என்று உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். உங்களிடம் டின் இல்லை, சாவி இல்லை, சீட்டும் இல்லை. ஆனால் இன்று காலை நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்கள் திரும்பாமலே "ம்" என்றீர்கள். சொன்னவர் நிம்மதியாக உள்ளே போய்விட்டார். அந்த "ம்" இருக்கிறதே, அது முழுக் கையெழுத்து. எந்த விசாரணையிலும் செல்லும்.

சரி, அவர் என்ன சொன்னார்?