கப்பல் பலகை போட்ட காலரி

தாராவி, பம்பாய்
12-10-1963

மதிப்பிற்குரிய மைத்துனர் கணேசபாண்டியன் அவர்கள் சமூகத்துக்கு, நம்பிராஜன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை சொர்ணம்மாளும் சுகம். அங்கு நீங்களும் வீட்டிலும் பிள்ளைகளும், போன கடிதத்தில் இருமிக்கொண்டிருந்த காளை மாடும் சுகம்தானே?

நிற்க. ரயில்வே ஸ்டோரில் முப்பது வருஷம் ரசீது எழுதிவிட்டு ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் என்னதான் செய்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். மச்சான், ஒரு கப்பல் தளம் போட்டு முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் எங்கள் குடியிருப்பைப் பார்த்ததில்லை. மாடியில் எட்டு வீடு. எட்டு வாசலையும் ஒட்டி நீளமாக ஒரு மரத்தளம் ஓடும். இங்கே அதைக் காலரி என்பார்கள். குழாயடிக்கும் கக்கூசுக்கும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். சென்ற மாதம் இருபத்தெட்டாம் தேதி காலை, கல்யாணத்துக்கு நீங்கள் சீராகக் கொடுத்தீர்களே, ரயிலில் டிக்கெட் பரிசோதகர் தனி டிக்கெட் கேட்டாரே, அந்த ஆட்டுரலைக் கழுவுவதற்காகச் சொர்ணம் வாசலுக்கு உருட்டினாள். நாலு மழைக்காலம் ஊறிப்போன பலகை. உரல் ஒரு சத்தமும் போடாமல் தளத்தைத் துளைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி, வீட்டுக்காரர் சேட்டின் சாய்வு நாற்காலியை விறகாக்கிவிட்டது. சேட் அப்போதுதான் வெற்றிலை துப்ப எழுந்து இரண்டடி நகர்ந்திருந்தார். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை நான் ஜெயிலில் இருந்து எழுதியிருப்பேன்.

"தஸ் தின்! பத்தே நாள்! காலரி சரியாகலேன்னா மாடியிலே அத்தனை பேரும் காலி!" என்று சேட் கத்தினார். ஏழு வீட்டுக்காரர்களும் சொர்ணத்தையே பார்த்தார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "நான் சரி பண்ணுதேன்" என்று ஒரு குரல் கேட்டது. யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

குர்லாவில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் மேலப்பாளையம் காசிமைக் கூட்டிவந்தேன். அவர் உளியை எடுத்து ஒரு பலகையில் வைத்தார். பழுத்த பப்பாளியில் இறங்குவது போல் இறங்கியது. குனிந்து அடியிலும் பார்த்தார்.

"மேல பலகைய மட்டும் மாத்தி என்ன பிரயோசனம் அண்ணாச்சி? கீழ தாங்குத கட்டையே மூணு போச்சுல்லா."

முதலில் கட்டைகளை மாற்றினோம். பிறகு பழைய கப்பல்களை உடைக்கும் தாருகானாவுக்குப் போய், எந்தக் கடலையெல்லாமோ பார்த்துவந்த கப்பல் தளத்துத் தேக்குப் பலகைகளைக் கைவண்டியில் கொண்டுவந்தோம். பாதி வேலையில் காசிம், கல்யாண் ஊரில் ஒரு உறவுக்காரர் நிக்காஹ் என்று இரண்டு நாள் போய்விட்டார். "நான் வாறது வரைக்கும் ஒண்ணும் செய்யாண்டாம்" என்று சொல்லித்தான் போனார். ஆனால் நீங்கள்தான் என்னைப் பற்றி, 'மாப்பிள்ளைக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது' என்று என் மாமனாரிடமே சொன்னவராயிற்றே! மீதிப் பலகைகளை நானே அடித்தேன். ஒரு மயிரிழைகூட இடைவெளி விடாமல், ஒன்றோடொன்று நெருக்கி, முகம் பார்க்கிற மாதிரி அடித்தேன். எல்லாரும் வந்து பாராட்டினார்கள். சாயங்காலம் மழை பெய்தது. விடிந்து பார்த்தால் பலகையெல்லாம் ஊறி உப்பி, நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி எழும்பி நிற்கிறது! வெளிப்பக்கம் திறக்கும் கதவுகளில் மூன்று திறக்கவில்லை. மில்லுக்குப் போகவேண்டிய பக்கத்து வீட்டு வெயிலுமுத்து ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுத் தூக்கோடு காலரியில் இறங்கினார். "நம்பி அண்ணாச்சி, நீங்க ரசீதே எழுதியிருக்கலாம்" என்றார்.

காசிம் திரும்பிவந்து அந்தத் திமில்மேல் ஒரு தரம் ஏறி இறங்கினார். பிறகு, "மரத்துக்கும் மூச்சுவிட எடம் வேணும்லா" என்றார். எல்லாவற்றையும் பிடுங்கினோம். ஓரங்களை இழைப்புளியால் சீவி, இரண்டு பலகைக்கு நடுவில் ஒரு ஆணியைச் செருகி, அந்த ஆணியளவு சந்து விட்டு மறுபடி அடித்தோம். ஆணித்தலைகளை உள்ளே இறக்கி, குழிகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தோம். முழங்காலில் நின்று உப்புத்தாள் தேய்த்தேன் மச்சான், மூன்று நாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பெல்லாம் போய் உள்ளிருந்து தேன் நிறம் வந்தது. மூன்றாம் நாள் சொர்ணம் வந்து, புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஆளிவிதை எண்ணெயைப் பழந்துணியில் தோய்த்து, பாதித் தளம் காய்வதும் பாதித் தளத்தில் நடப்பதுமாக இரண்டு பூச்சுப் பூசினோம். அக்டோபர் வெயிலும் எங்கள் கட்சியில் நின்றது.

பத்தாம் நாள் சேட் வந்தார். நம் ஊர்க்காரர் இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டினால் என்ன எடையோ அந்த எடை. நடுத்தளத்தில் நின்று ஒரு தரம் குதித்தார். இன்னொரு தரம் குதித்தார். தளம் இம்மிகூட அசையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்.

"அரே நம்பி, இது காலரியா? ஜஹாஜ்! கப்பல்!"

எட்டு வீடும் கைதட்டியது. வெயிலுமுத்து என்னைத் தூக்கப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது, எனக்கில்லை, அவருக்கு. சொர்ணம் அன்றைக்குச் சோறு போடும்போது, "ஒங்க கையி காப்புக் காச்சிருக்கு, பாத்தேளா" என்று மட்டும் சொன்னாள். என் பென்ஷன் உத்தரவு வந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷமில்லை.

ஆகவே பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்து, எங்கள் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பார்க்கவேண்டும். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் படிப்பும் பலமும் பெற்று, கீழே விழாமல் நெடுநாள் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தளபதி (சேட் வைத்த பெயர்) நம்பிராஜன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் இன்னொரு விஷயம். இன்று காலை எங்கள் மாடிப்படி, ஆள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தானாகவே பெயர்ந்து விழுந்துவிட்டது. பத்து நாளாகக் கப்பலைச் சுமந்து ஏறியதில் அதற்குச் சலித்துவிட்டது என்று காசிம் கீழே நின்று சொல்கிறார். எட்டுக் குடும்பமும் காலரியில் நிற்கிறோம். தளம் அசையவில்லை, நாங்களும் அசைய வழியில்லை. இந்தக் கடிதத்தைச் சொர்ணத்தின் பழைய சேலை நுனியில் கட்டித் தபால்காரரிடம் இறக்குகிறேன். வரும்போது ஒரு ஏணி கொண்டுவரவும்.